மாதாவைப் பார்த்து ஒரு முகம்

கீரனூரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொள்ள, வழியிலிருந்த பழைய மாதா கோயிலுக்குள் ஒதுங்குகிறேன். உள்ளே டர்பன்டைன் வாசனை. சுவரில், எப்போதோ ஓர் ஓவியர் தீட்டிய மாதாவின் முகம். அதன் எதிரே, சேலைமேல் பழைய சட்டை போட்ட ஒரு பெண் அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறார்.

"வரையப் பழகுறீங்களா?"

"ஆமாங்க. செத்துப்போன எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல. அவுங்க மொகம் மறக்குறதுக்குள்ள கத்துக்கிட்டு வரைஞ்சிரணும்."

மழைச் சத்தத்தில் தூரிகை மெல்ல நகர்கிறது. நெற்றியும் கன்னமும் அப்படியே மாதாதான்.

"வாய் மட்டும் வேற மாதிரி இருக்குங்களே?" என்கிறேன்.

அழிக்கத் துணியை எடுக்கிறார். சுவரைப் பார்க்கிறார், பிறகு தன் படத்தை. கை அப்படியே நின்றுவிடுகிறது.

"இது எங்கம்மா வாய்ங்க."