அம்மா இடித்த சுவர்

எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால், வந்த விருந்தாளிக்குக் காபி ஆறிவிடும். ஆறடி உயரம், ஒன்பது அங்குலக் கனம், அடியில் கருங்கல் அஸ்திவாரம். முடிச்சூரில் நாங்கள் குடியேறிய புதிதில், மழை பிடித்துக்கொண்டால் பின்னாலிருக்கும் ஏரியின் உபரித் தண்ணீர் எங்கள் தோட்டத்தில் புகுந்து, வாழைக் கன்றுகளைச் சாய்த்துவிட்டு, முன் தெரு வழியாக அடையாற்றைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்ததாம். சுவர் வந்த பிறகு ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று நான் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கிறவளுக்கு அது தேவையில்லாத கேள்வி. எங்கள் சுவர் நல்ல சுவர், அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பின் தெரு. தாழ்வான இடம். மண் வைத்துக் கட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடுகள்தான் அதிகம். எங்கள் சுவரைக் கட்டிய கொத்தனாரே அந்தத் தெருக்காரர். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள்.

அந்த வருஷம் மழை நாள் கணக்கில் பெய்தது. முதல் இரண்டு நாள், பள்ளிக்கூடம் லீவு என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கரண்ட் போயிற்று, போனில் டவர் போயிற்று. ஒரகடத்தில் ஷிஃப்டுக்குப் போன அப்பா, ரோடு துண்டாகி அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் அம்மாவும் நானும் மாமாவும்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பொத்தேரியில் காலேஜ் படித்துக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவருக்கு எதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிற பழக்கம். "நாளைக்குப் பாரு, சுள்ளுன்னு வெயில் அடிக்கும்" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலை, யாரோ கேட்டைத் தட்டினார்கள். கொத்தனார் நின்றிருந்தார். இடுப்பு வரை சேறு. தோளில் மகள். பின்னால் பின் தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

"யக்கா, எங்க தெருவுல இடுப்பு மட்டும் தண்ணி நிக்குது. ஒங்க செவுரு அண கட்னாப்புல புடிச்சிகினு கீது."

"முதல்ல எல்லாரும் மாடிக்கு வாங்க. வயசானவங்க, குழந்தைங்க, ஒருத்தர் விடாம கூட்டிட்டு வாங்க" என்றாள் அம்மா.

"ஆளுங்க வந்துருவோம்க்கா. வூடுங்கள இன்னா பண்றது? மண்ணு வச்சி கட்னது, ஊறிகினே கீது. மத்தியானம் வரிக்கும் இப்டியே நின்னா ஒண்ணொண்ணா உக்காந்துரும். முனை வூடு காத்தாலயே வுழுந்துச்சி."

சுவரை இடியுங்கள் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. மாமாதான் முந்திக்கொண்டார்.

"அக்கா, அத்தான் வராம அதுல கை வெக்காத. அந்தச் சுவர்னா அவருக்கு உயிர். இடிச்சா தண்ணி எங்க போகும்னு நினைக்கிற? நேரா நம்ம ஹாலுக்குத்தான்."

மாமா வாழ்க்கையில் சரியாகச் சொன்ன ஒரே ஆரூடம் அதுதான். நான் முழுக்க முழுக்க அவர் கட்சி.

அம்மா பின்வாசலுக்குப் போய்ச் சுவரின் அடியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு கொத்தனாரிடம், "கட்டும்போது அடியில மூணு ஓட்டை விட்டிருந்தீங்களே, அது இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"இந்நேரம் பாதிக்கு மேல வடிஞ்சிருக்கும்க்கா."

"பெருச்சாளி வருதுன்னு நான்தானே அடைக்கச் சொன்னேன்."

கொத்தனார் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். "எங்களுக்கு அரை மணி நேரம் குடுங்க. சாமானை ஏத்திட்டு இடிச்சிடலாம்" என்றாள் அம்மா.

வயசானவர்களையும் குழந்தைகளையும் மாடியில் சேர்த்துவிட்டு, வந்தவர்களே சாமான்களையும் ஏற்றினார்கள். ஃப்ரிட்ஜ் சாப்பாட்டு மேஜை மேல் ஏறிற்று. அரிசி மூட்டையும் மெத்தைகளும் மாடிக்குப் போயின. விலை உயர்ந்த பொருள்களைக் காப்பாற்றும் பொறுப்பை நானாக எடுத்துக்கொண்டு, என் கலர் பென்சில் டப்பாவையும் டிவி ரிமோட்டையும் மாடியில் சேர்த்தேன். டிவியை மாமா பார்த்துக்கொண்டார்.

பிறகு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாரையைக் கேட்டாள். கொத்தனார் பதறிவிட்டார். "நீங்க எதுக்குக்கா, நாங்க பாத்துக்குறோம்."

"நாளைக்குப் பின் தெருக்காரங்க வந்து சுவரை இடிச்சிட்டாங்கன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. முதல் அடி நான் அடிக்கிறேன்."

முதல் அடியில் அப்பளம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்தது. இரண்டாவது அடி கை நழுவி மண்ணில் விழுந்தது. அம்மா அரசு அலுவலகத்தில் டைப் அடித்துப் பழகியவள். கடப்பாரை அவளுக்குப் புதிது. நான்காவது அடியில் ஒரு செங்கல் அசைந்து கீழே விழுந்தபோது, அதுவரை தலையில் கை வைத்துக்கொண்டிருந்த மாமாவே, "போதும்க்கா, பேர் வாங்கிட்ட, தள்ளு" என்று அவளைப் பிடித்து இழுத்தார். மழையில் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்த அம்மாவை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

அதன்பிறகு கொத்தனார் வேலை. ஒரேயடியாக உடைத்தால் அந்தப் பக்கம் நிற்கும் தண்ணீர் ஆளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும் என்று எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, ஓரமாக ஏணியில் நின்று மேலிருந்து வரிசை வரிசையாகச் செங்கல்லை எடுத்தார். தன் கையால் அடுக்கியதைத் தன் கையாலேயே இறக்கினார். தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் ஏணியை விட்டு இறங்கி ஓடினார். மீதிச் சுவரைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது.

அம்மா முன்வாசல் கதவையும் பின்வாசல் கதவையும் அகலத் திறந்து வைத்திருந்தாள். தேங்கினால் நம் வீட்டுச் சுவரும் ஊறும், போகிறது போகட்டும் என்றாள். தண்ணீர் சமையலறையில் நுழைந்து, ஹாலைக் கடந்து, முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கிற்று. முதலில் மிதந்து வெளியே போனது அப்பாவின் செருப்பு. நான் மாடியிலிருந்து அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கொத்தனார் மகள் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வூட்டு ஜன்னலு தெரியுது" என்றாள். சற்றுப் பொறுத்து, "வாசப்படி தெரியுது" என்றாள். மத்தியானத்துக்குள் பின் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அதன்பிறகு அங்கே ஒரு வீடும் விழவில்லை.

அப்பா மூன்று நாள் கழித்து நடந்தே வந்து சேர்ந்தார். பின்பக்கம் போய் அந்த இடைவெளியைப் பார்த்தார். சண்டை வரும் என்று நானும் மாமாவும் கதவோரம் காத்திருந்தோம். "நல்ல சுவர் அது" என்றார். பிறகு பேண்ட்டை மடித்துக்கொண்டு, சேறு அள்ள வந்துவிட்டார்.

எங்கள் தெருவில் எல்லோரும் அம்மாவைத்தான் பேசினார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் அம்மா எனக்குப் பிடிக்காத ஒரு காரியம் செய்தாள். எங்கள் வீட்டைக் கழுவி முடித்த மறுநாளே துடைப்பத்தையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு பின் தெருவுக்குப் போனாள். கொத்தனார் வீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, தரையிலும் சுவரிலும் அப்பியிருந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "வுடுக்கா, நான் பாத்துக்குறேன்" என்று கொத்தனார் மனைவி கையைப் பிடித்தார். "எங்க சுவரால வந்த சேறும்மா இது" என்றாள் அம்மா. அந்த வீடு முடிந்து, அடுத்த வீடு. நான்கு நாள் இப்படி. எனக்கு அவமானமாக இருந்தது. காப்பாற்றியது நாங்கள், அவர்களல்லவா வந்து எங்கள் வீட்டைக் கழுவ வேண்டும்?

பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர், மழை லீவில் நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். நான் விடுவேனா? சுவரை இடித்துப் பின் தெருவையே காப்பாற்றிய கதையைக் கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். கடப்பாரையின் முதல் அடியிலேயே சுவர் விழுந்துவிட்டது என்றேன். டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். ஊறி உப்பிக் காய்ந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த கொத்தனார் மகளும் தட்டினாள்.

இன்டர்வெல்லில் அவள் என்னிடம் வந்தாள். "உங்கம்மா எங்க வூட்ட கழுவுனத மட்டும் நீ சொல்லவே இல்லியே."

"அதெல்லாமா கிளாஸ்ல சொல்லுவாங்க?"

"எங்கம்மாவா இருந்தா நான் அதத்தான் மொதல்ல சொல்லியிருப்பேன்" என்றாள்.

அவளுக்கு என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டு நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.