பையின் பின்பக்கம்

போன வியாழக்கிழமை எங்கள் வேலைக்காரி ஷீலா வேலையை விட்டு நின்றுவிட்டாள். “பீபிஜி, யஹாங் கோயி ஹை” என்றாள். இங்கே யாரோ இருக்கிறார்களாம்!

மோதி பாக் குவார்ட்டர்ஸில், நான் ஆபீஸ் போன பிறகு இருப்பவர் என் கணவர் மட்டும்தான். பக்கவாதம் வந்து பதினோரு மாதம். பேச்சு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. இனி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஆபீஸ் விட்டால் வீடு என்றே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஒரு கைவினைப் பயிற்சிக்குப் போனேன். வட அமெரிக்காவிலிருந்து ஓஜிப்வா பழங்குடிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். தறி கிடையாது, ஊசி கிடையாது. நட்ட இரண்டு குச்சிகளைச் சுற்றி நூல்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நூலையும் இரண்டு இழைகளுக்கு நடுவே பிடித்து முறுக்கிக்கொண்டே போக வேண்டும் — இரண்டு கையும் வேண்டும். இப்படிப் பின்னும் பையின் ஒரு பக்கம், இடியை உண்டாக்கும் இடிப் பறவை. மறுபக்கம், கொம்பும் நீண்ட வாலுமாகத் தண்ணீருக்கடியில் வாழும் சிறுத்தை. இரண்டும் அவர்கள் பயந்து கும்பிடும் ஆவிகளாம்.

நமக்கு ஏது அவ்வளவு சாமர்த்தியம்? கரோல் பாக்கில் கம்பளி நூல் வாங்கி, ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கால்களைச் சுற்றி ஞாயிறுதோறும் முறுக்கினேன். பறவை போதும், பின்பக்கம் வெறுமனே இருக்கட்டும் என்று முடிவு. சிறுத்தையைப் பற்றி வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

ஆனால் போன வாரம், நான் தொடாத நாட்களிலும் பை வளர்ந்தது... தினமும் இரண்டு விரற்கடை! “நீயா?” என்று ஷீலாவைக் கேட்டேன். அதற்குத்தான் அப்படிச் சொல்லிவிட்டு நின்றாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு வந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன். அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டை. கைகள் மட்டும் நூலை முறுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு கைகளும்!

“என்னங்க!”

கைகள் நின்றன. வலது கை தொப்பென்று மடியில் விழுந்தது.

“என்ன, இன்னிக்கு ஜல்தி வந்துட்டே?” என்று கண் விழித்தார்.

“இந்தப் பையை நீங்களா பின்றீங்க?”

“இந்தக் கையை வெச்சுக்கிட்டா? ஏன்டி கிண்டல் பண்றே?”

பையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் கொம்பு, முதுகு... வால் பாதி வந்திருந்தது. நான் அவரிடம் சொல்லவே சொல்லாத அந்தச் சிறுத்தை!

பிய்த்துக் குப்பையில் போட்டிருக்க வேண்டும், இல்லையா? நீங்கள் போட்டிருப்பீர்கள். நான் சனிக்கிழமை கரோல் பாக் போய் இன்னும் நூல் வாங்கி வந்து, அவர் பக்கத்தில் வைத்தேன். பயம்தான். ஆனால் அந்தக் கை அசைந்ததை நான் பார்த்துவிட்டேனே!

நேற்று வால் முடிந்தது. இன்று காலை அவர் வலது கையால் காபி டம்ளரை எடுத்துக் குடித்தார். நான் அழுதேவிட்டேன். அவரோ, முன்பின் தெரியாத விருந்தாளியைப் பார்ப்பது போல அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டியது கிடைத்த பிறகு நம்மில் யார் விசாரணை நடத்துகிறோம்? கை வந்துவிட்டது... யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை.