கூண்டுக்கு வராத சாட்சி

ஸ்டெனோ அம்மாவின் கைப்பையில் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று நீதிமன்றத்துக்கு, இன்னொன்று தோட்டத்துக்கு. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே நீல அட்டை, ஒரே சுருள் கம்பி. அடையாளத்துக்கு அட்டை மேல் ஏதாவது எழுதி வைக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. தன் கை தப்பு செய்யாது என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் நியாயமும் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை. வக்கீல் மூச்சுவிடாமல் பொரிந்தாலும், சாட்சி வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினாலும், அவள் பென்சில் ஒரு சொல்லைத் தவறவிட்டதில்லை. இரண்டு மொழியில் பரீட்சை எழுதித் தேறியவள். மூன்றாவது மொழி ஒருநாள் துணி காயப்போடும்போது தானாக வந்தது.

கொடிக்கு மேலே ஒரு குக்குறுவான் கத்திக்கொண்டிருந்தது. செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போல ஒரே சீராக, டொங்க், டொங்க், டொங்க். ஈரத் துண்டைத் தோளில் போட்டபடியே அவள் நின்றுவிட்டாள். சுருக்கெழுத்தில் எழுத்துப்பிழை என்று ஒன்று கிடையாது. காதில் விழுகிற ஒலிதான் கோடு. அழுத்தமான ஒலிக்குத் தடித்த கோடு, மெல்லிய ஒலிக்கு மெலிந்த கோடு. மனிதன் சொன்னால்தான் எழுதவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே! ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தாள். நூற்றுப் பதினெட்டு டொங்க். ஒன்றுகூட விடவில்லை.

அன்றிலிருந்து தோட்டம் பேசப் பேச அவள் எழுதினாள். பறவைகளுக்குச் சாட்சிகளைப் போலவே எண் கொடுத்தாள். ஒன்றாம் சாட்சி குக்குறுவான், இரண்டாம் சாட்சி தையல்சிட்டு. வாய் பேசாதவற்றுக்கும் இடம் இருந்தது. எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரியே கிடந்த புழு சில நாளில் பச்சைச் சட்டை மாற்றிக்கொண்டது. வெயில் ஏறியதும் துவைக்கிற கல்லுக்கு அடியில் எறும்புகள் குடிபுகுந்தன. வருடக் கடைசியில் காற்று திசை மாறியது. அதற்கு மறுநாள் காலை ஏழு பத்துக்குத் தண்ணீர்த் தொட்டியருகே வாலாட்டிக் குருவி ஆஜர். எல்லாம் கோடும் கொக்கியும் புள்ளியுமாக நீல அட்டைக்குள் போயின.

பதினாறு சாட்சிகள் வரை சிக்கலில்லை. பதினேழாவதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

மூன்று வருடமாக, ஒவ்வொரு வருடமும் காற்று மாறி, முதல் மழை சருகை நனைத்த பிறகு, பின்பக்க மாமர மூலையிலிருந்து ஒரு விசில் கேட்கும். முதல் பாதி மேலே ஏறும், அடுத்த பாதி சறுக்கி இறங்கும். 'வீ...ட்டியூ.' ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அவ்வளவுதான். அவள் போய்ப் பார்ப்பதற்குள் மரம் ஒன்றும் தெரியாதது போல நின்றுகொண்டிருக்கும்.

அவள் கணவர் மாவு மில் வைத்திருந்தார். வீட்டின் முன்பாதி மில், பின்பாதி குடித்தனம், அதற்கும் பின்னால் தோட்டம். முப்பது வருடமாக இயந்திரத்துக்கு இரண்டடி தள்ளி நின்று நின்று அவருடைய காது பாதி மழுங்கிப்போயிருந்தது.

"என்னங்க, இப்ப கேட்டுச்சா?"

"எது? பெல்ட் வழுக்குதா?"

"ஐயோ, விசிலுங்க! மாமரத்துலேருந்து!"

"மூணு வருஷமா சொல்ற. நானும் காதைத் தீட்டிக்கிட்டுதான் இருக்கேன். அது உன் காதுக்குள்ளதான் கூடு கட்டியிருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடு, குஞ்சு பொரிச்சிடப் போகுது."

இந்த வருடம் பேச்சு வேடிக்கையோடு நிற்கவில்லை. மழைக்காலத்தில் மில்லுக்கு வருகிறவர்கள் ஈரத் தானியத்தோடு வருவார்கள். உலர்த்த இடமில்லாமல் அவர் திருப்பி அனுப்புவார். இந்தத் தடவை பின்பக்கம் சிமெண்ட் தளம் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை கொத்தனார் வந்து கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பம். அந்த வெள்ளைக் கோடு மாமர மூலையைச் சருகும் செடியுமாக மொத்தமாக வளைத்துக்கொண்டிருந்தது.

"அந்த மூலை வேண்டாங்க. வாசப் பக்கம் போட்டுக்கலாமே."

"வாசல்ல வண்டி நிக்கணுமே. இங்க என்ன இருக்கு? குப்பை."

"அங்க ஒண்ணு குடியிருக்கு."

"பார்த்தியா?"

"கேட்டேன்."

"நீ கோர்ட்டுல வேலை பார்க்கிறவ. பேரு தெரியாது, முகம் தெரியாது, கூண்டுல ஏறாது. அப்படி ஒரு சாட்சியை உங்க ஜட்ஜு ஒத்துக்குவாரா?" அவர் சிரித்தார். குரலில் பிடிவாதம் இல்லை. "சரி, ஞாயித்துக்கிழமைக்குள்ள அதை என் கண்ணுல காட்டு. காட்டிட்டா கொத்தனாரை நானே வாசப் பக்கம் திருப்பிடறேன்."

புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் காலையும் மாலையும் மாமரத்தடியில் அண்ணாந்தபடி நின்றாள். மூன்று அணில்கள் தெரிந்தன. மஞ்சள் வெயில் துண்டு மாதிரி ஒரு மாங்குயில் தெரிந்தது. வேறு நேரமாக இருந்தால் அதற்கே ஒரு பக்கம் எழுதியிருப்பாள். விசில் மட்டும் கேட்டது, ஆள் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல்தான் பஸ் ஏறினாள்.

அன்று நீதிமன்றத்தில் வேலித் தகராறு வழக்கு. சாட்சி ஒரு தேங்காய் வியாபாரி. எதைக் கேட்டாலும் "இருக்கலாம்", "இல்லாமலும் இருக்கலாம்" என்று வழுக்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் அவள் டிபன் டப்பாவின் மறைவில் தோட்ட நோட்டைப் பிரித்துப் பதினேழாம் சாட்சியின் பக்கத்தைப் புரட்டினாள். மணி அடித்ததும் அவசரமாக மூடி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நீதிபதி உட்கார்ந்தார். "காலையில சாட்சி கடைசியா என்ன சொன்னார்? படிங்கம்மா."

அவள் நோட்டைத் திறந்தாள். அவளுடைய நாக்குக்கு ஒரு பழக்கம். கோட்டைக் கண்டதும் மனசைக் கேட்காமல் ஓடிவிடும். அதுவும் சொன்னவர் சொன்ன தொனியிலேயே.

"மாலை ஐந்து ஐம்பத்தெட்டு. தண்ணீர் விட்ட பிறகு. வீ...ட்டியூ. காலை ஆறு இரண்டு. வீ...ட்டியூ, வீ...ட்டியூ."

கூடம் முழுக்க அந்த விசில் கணீரென்று போய் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. தேங்காய் வியாபாரி கூண்டின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, சத்தியமா நான் அப்படிச் சொல்லலைங்க!"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "காலையிலேருந்து இவர் தரப்புல வந்ததிலேயே தெளிவான பதில் இதுதான் ஐயா. எனக்கு ஆட்சேபணை இல்லை."

கூடமே சிரித்தது. அவளுக்குக் காது நுனி வரை சூடேறியது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்தார்.

மாலையில் அவர் அறைக்குக் கூப்பிட்டபோது விளக்கம் கேட்டு மெமோதான் என்று முடிவு செய்துகொண்டே போனாள்.

"அது என்ன வழக்கும்மா?"

"தோட்ட வழக்குங்க ஐயா. ஒரு பறவை."

"மறுபடியும் அது இந்தக் கூண்டுப் பக்கம் வரக்கூடாது."

"அது எந்தக் கூண்டுக்கும் வர்றதா இல்லைங்க ஐயா. அதான் பிரச்சினையே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பில் உதடு துடித்ததை நீதிபதி வழக்குக் கட்டைத் தூக்கி மறைத்துக்கொண்டார். "போங்கம்மா. முதல்ல அட்டை மேல பேரு எழுதுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெட்கம் ஆறுவதற்குள் வேறொன்று அவளைக் குடைய ஆரம்பித்தது. மூன்று வருடமாக எழுதியதை அவள் ஒருநாளும் வாய்விட்டுப் படித்ததில்லை. இன்றுதான் தன் குரலிலேயே கேட்டாள். 'தண்ணீர் விட்ட பிறகு.' நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாள். ஓரத்தில் அவளே கிறுக்கி வைத்திருந்தாள். தண்ணீர் விட்ட பிறகு. மழை நின்ற பிறகு. மறுபடி தண்ணீர் விட்ட பிறகு. துவைக்கிற கல்லின் தண்ணீர் வாய்க்காலில் ஓடி மாமரத்தடிச் சருகில்தான் பாயும். சருகு நனைந்தால் மண்புழு மேலே வரும். கிளையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மண்புழுவால் என்ன லாபம்?

"கீழ!" என்று கத்திவிட்டாள். "கீழ இருக்குது அது!"

கண்டக்டர் திரும்பினார். "என்னம்மா, ஸ்டாப்பை விட்டுட்டீங்களா?"

"இல்லப்பா! மூணு வருஷமா விட்டதை இப்பதான் பிடிச்சேன்!"

சனிக்கிழமை விடியற்காலை தனியாகப் போய்க் குந்தினாள். விசில் கேட்டது. சருகு சலசலத்தது. என்னவோ ஒன்று உருண்டை வடிவில் தத்தியது. சந்தோஷத்தில் எழுந்து நின்றாள், அவ்வளவுதான், அது செடிக்குள் போய் மறைந்துவிட்டது. தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது அன்று மாலை மட்டும். ஐந்தரைக்கு மில்லை நிறுத்தச் சொல்லி, கணவரின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். புருவம், இமை எல்லாம் மாவோடு அவர் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அவள் இன்னொரு டின்னில். தொட்டியின் அடைப்பை எடுத்துவிட்டிருந்தாள். தண்ணீர் வாய்க்காலில் நெளிந்து, கொத்தனாரின் சுண்ணாம்புக் கோட்டைக் கரைத்துக்கொண்டு சருகுக்குள் நுழைந்தது.

"பேசாதீங்க. அசையாதீங்க. தும்மாதீங்க."

"மூச்சு விடலாமா?"

ஐந்து ஐம்பத்தாறு. 'வீ...ட்டியூ.' பத்தடி தூரத்தில்! அவள் உடனே கண்களை இறுக மூடிக்கொண்டாள். நன்றாகக் கேட்கவேண்டுமென்றால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அதுவும் வேலையில் வந்த பழக்கம்தான்.

மாவு அப்பிய கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"கண்ணைத் திற," என்றார் அவர் அடிக்குரலில். "அடியே, கண்ணைத் திற!"

திறந்தாள்.

நனைந்த சருகின் மேல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. முதுகு இலைப் பச்சை. கண்ணுக்குக் குறுக்கே மையை இழுத்துவிட்டது போல ஒரு கறுப்புப் பட்டை. தொண்டை வெள்ளை, வயிறு கோதுமை மாவு நிறம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்குக் குட்டை. ஒரு சருகைப் புரட்டியது, புழுவை இழுத்தது, இரண்டு தத்துத் தத்தியது. இறக்கை ஓரத்தில் நீலம் பளிச்சிட்டது. இத்தனை நிறத்தையும் போட்டுக்கொண்டு மூன்று வருடமாகவா ஒளிந்திருந்தாய்!

"இதுதான் அதுன்னு எப்படிச் சொல்ற?" அவர் கிசுகிசுத்தார். "எனக்கு ஒண்ணும் கேட்கலையே. வேற எதுவோ சும்மா மேயுதோ என்னவோ."

அதுவும் சரியான கேள்விதான். கூண்டில் நிற்பவன்தான் பேசியவன் என்று நிரூபிக்க வேண்டும். அவள் நோட்டை மடியில் பிரித்தாள். எழுதியதைச் சாட்சிக்கே படித்துக் காட்டுவதுதானே முறை? நேற்று ஊரே சிரித்த அதே வரியை மெல்ல வாசித்தாள்.

"வீ...ட்டியூ."

பறவை புழுவைக் கீழே போட்டது. அவளை நேராகப் பார்த்தது. தலையைப் பின்னால் சாய்த்து, அலகை வானத்தைப் பார்க்கத் திறந்தது. 'வீ...ட்டியூ!'

"வாயைத் திறக்குது!" அவர் எழுந்தே விட்டார். "உன் வாய் எப்படிப் போச்சோ அதே மாதிரி! தலையைத் தூக்கி! பார்த்தியா? நான்தான் முதல்ல பார்த்தேன்!"

பறவை பறந்தது. அவருக்கு அதெல்லாம் கவலையில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, காது மந்தமானவர்களுக்கே உரிய சத்தத்தில் கத்தினார்.

"கொத்தனாரே! நாளைக்கு வாங்க, ஆனா வாசப் பக்கம்! ஆமா, வாசல்! வண்டிங்க ரோட்டோரமா நிக்கட்டும்! பின்னாடி வேண்டாம், அங்க ஆள் குடியிருக்கு! யாரா? குட்டையா, வாலே இல்லாத ஆளு! நான் என் கண்ணால பார்த்தேன்யா!"

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுதினாள். 'பதினேழாம் சாட்சி. ஐந்து ஐம்பத்தாறு. நேரில் பார்த்தது. வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டது.'

"என்ன எழுதியிருக்க?"

சொன்னாள்.

"நேர்ல பார்த்த ஆளு கையெழுத்துப் போடவேண்டாமா? எங்க போடணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மாவுக் கட்டைவிரலை அந்த வரி மேலேயே அழுத்தி வைத்தார்.

"ஐயையோ, எழுத்து மேலயே வச்சுட்டீங்களே!"

"உன் கிறுக்கல்ல எது எழுத்து, எது இடைவெளின்னு யாரு கண்டா?" என்றார் அவர். கண்கள் இன்னும் சருகை விட்டு நகரவில்லை. "காலையிலயும் வரும்ல? ஆறு மணிக்கா? என்னை எழுப்பு."