சங்கிலியோடு ஒரு முகம்

தங்கத்தைப் படம் எடுக்கும் தொழிலில் தங்கம் ஒரு தொந்தரவும் தராது. அதைப் போட்டிருக்கிறவர்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகத் திட்டு வாங்குகிற புகைப்படக்காரர்களான உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

காரைக்குடியில் இதழியல் முதுகலை படித்தேன். தங்கமும் மனிதர்களும் என்பது என் இறுதியாண்டுப் புகைப்படத் திட்டம். வளையல், காசுமாலை, தராசு என்று எடுத்து வைத்திருந்ததையெல்லாம் புரட்டிப் பார்த்த பேராசிரியை, "இதுல மனுஷங்க எங்கம்மா? நகையும் முகமும் சேர்ந்து ஒரு படமாவது வரணும். இல்லேன்னா அடுத்த வருஷம் மறுபடி செய்" என்று சொல்லிவிட்டார்.

கல்யாண வீடு

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பூட்டுகிற கழுத்திரு, நெஞ்சு நிறையத் தொங்கும் தங்கத்தாலி. லாக்கரிலிருந்து வந்திருந்த ஒன்றைப் பட்டுத்துணியில் பரப்பி, ஆசை தீர எடுத்துக்கொள்ளச் சொன்னார் பெண்ணின் அம்மா. பெண்ணோடு சேர்த்து என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. எந்த வீட்டில் என்ன இருக்கிறதென்று திருடனுக்குக் கடிதாசி போட்ட மாதிரி ஆகிவிடுமாம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மண்டபம் முழுக்க செல்போன்ல எடுக்கத்தானே போறாக, ஆச்சி? அப்பத் திருடன் கண்ண மூடிக்குவானா? பெட்டிக்குள்ளயே கிடக்க எதுக்கு இம்புட்டுத் தங்கம்?" என்று ஆரம்பித்தேன். அவர் கழுத்திருவைத் துணியோடு மடித்தபடியே சொன்னார்: "நகைய எடு, இல்ல பொண்ண எடு. ரெண்டும் சேந்து வேணும்னா நீ மாப்பிள்ளையாப் பொறந்திருக்கணும், ஆத்தா."

நகைக்கடை

வாங்க வருகிறவர்கள் சம்மதித்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆரம் ஒன்றைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், நகையை எடை போட்டுப் பெண்ணை மதிக்கிற இந்த ஊர் வழக்கத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். என் காதைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு கடையில் தனக்குக் கொடுத்த கலர் சோடாவை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: "இந்தா, குடி. வெறுங்கழுத்தா அலையுறியே, வீட்டுல எதுவும் கஷ்டமா, ஆத்தா?"

வங்கி வாசல்

வங்கிக்குள் கேமரா கூடாது. அதனால் நகைக்கடன் வாங்க வருகிறவர்களை வாசற்படியிலேயே மறித்துக் கேட்டேன். எல்லோரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவசரத்துக்குத் தன் நகையை வைக்க வருகிறவளைத் தலை குனிய வைத்த ஊர்மேல்தான் கோபம்.

நாச்சியாபுரத்து அக்கா ஒருவர் மட்டும் நின்றார். வயல் மோட்டார் எரிந்துபோய், தாலிச் சங்கிலியை அடகு வைக்க வந்தவர். காலையில் வீட்டிலேயே தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, சங்கிலியைப் பர்ஸில் சுருட்டி வைத்திருந்தார். அடுத்த வருஷம் மறுபடி செய்ய வேண்டிவருமே என்ற பயம் இருந்தாலும், "மூஞ்சி தெரியாம எடுத்துக்கிறேங்க்கா" என்று நானே இறங்கி வந்தேன்.

"ஏன், நான் என்ன களவாண்டா வந்திருக்கேன்?"

"கண்காட்சியில வைப்பாகக்கா. ஊரே பாக்கும்."

"பாக்கட்டும். போன தடவ வச்சப்ப, நான் வித்துத் தின்னுட்டேன்னு எங்க நாத்தனா தெருத் தெருவாச் சொன்னா."

சங்கிலியை எடுத்து மஞ்சள் கயிற்றுக்கு மேலேயே போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். எடுத்து முடித்ததும் அதைக் கழற்றிப் பர்ஸில் வைத்தபடி சொன்னார்: "படத்துக்குக் கீழ பெருசா எழுதிருத்தா, அடகுதான் வச்சிருக்கா, திருப்பிருவான்னு."

அப்படியே எழுதி வைத்தேன், பேராசிரியையும் தேர்ச்சி போட்டுவிட்டார். ஆக, தங்கமே வேண்டாமென்று ஊரோடு சண்டை போட்டவள், ஒரு தங்கச் சங்கிலிக்கு ஊரறிய ஜாமீன் நின்றுதான் பட்டம் வாங்கியிருக்கிறேன்.