ரவை அளவு முட்டைக்குள் ஓர் இதயம்: பெரார்கஞ்ச் ஓடைக்கு ஒரு நாள்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். மெயின்லேண்டில் இருக்கும் நீங்கள் படியுங்கள், ஆனால் போர்ட் பிளேரில் யாருக்கும் லிங்க் அனுப்பாதீர்கள். எங்கள் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாள் மீன் மார்க்கெட்டுக்கே தெரிந்துவிடும். போர்வைக்குள் ஒளிந்துகொண்டு டைப் செய்கிறேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் இன்று பார்த்ததை எழுதாமல் தூக்கம் வராது!

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் எங்கிருந்தோ கச்சா எண்ணெய் மிதந்து வந்து கரை ஒதுங்கியது. அதை அள்ளி மெயின்லேண்டுக்கு அனுப்பும் கான்ட்ராக்ட் அப்பாவுக்குக் கிடைத்தது. கப்பலில் இடம் கிடைக்காததால் பெரார்கஞ்ச் தாண்டி, உப்போடைக் கரையில் உள்ள எங்கள் ஷெட்டில் ஏழு ட்ரம் நின்றது. பௌர்ணமி அன்று கடல் ஏறி ஓடைக்குள் வந்த வெள்ளத்தில் அப்பா மூன்றைத் திறந்து விட்டுவிட்டார். அம்மா கேட்டதற்கு, "பெரிய வெள்ளத்துல விட்டா சமுந்தர் இழுத்துட்டுப் போயிடும். ஒரு சொட்டு நிக்காது" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சில் சமுந்தர் என்றால் கடல். மீதி நான்கும் நாளை அமாவாசை வெள்ளத்தில், காலை பத்து மணிக்கு.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் மௌமிதாவின் வீடு அந்த ஓடைக்கு அருகில்தான். போன ஞாயிறு பாலத்தடியில் அலையாத்தி வேர்களில் ஒட்டியிருந்த மீன் முட்டைகளை எடுத்து, பாதியை எண்ணெய் எட்டாத பாலத்து நீரிலும் பாதியை ஷெட் பக்கத்து நீரிலும் போட்டு வைக்கும்படி அவளிடம் சொல்லியிருந்தேன். அப்பா சொன்னதும் அவளுக்கு மட்டும் தெரியும். நேற்று பள்ளியில் என் காதில், "நாளைக்கு வா. தில் துடிக்குது" என்றாள்.

"யாருக்கு?"

"முட்டைக்கு, பாகல்!" என்று இந்தியில் என்னைப் பைத்தியமாக்கினாள்.

மின்னி பே பக்கம் டியூஷன் என்று அம்மாவிடம் பொய் சொல்லி, அவர் நம்புவதற்காக யூனிஃபார்மும் போட்டுக்கொண்டு 7.10க்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். 7.40 பஸ்ஸில் டிக்கெட் 35. தூரம் 26 கிலோமீட்டர் (அப்பாவின் பைக் மீட்டர் கணக்கு), ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வெயில் படாது. கண்டக்டர் தமிழர். "என்ன பாப்பா, சனிக்கிழமை யூனிஃபார்ம்ல? ஸ்கூல் பின்னாடி போயிடுச்சு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்கு அப்பாவைத் தெரியுமோ?

பெரார்கஞ்சில் இறங்கி வயல் வரப்பில் இரண்டு கிலோமீட்டர் நடை. மௌமிதா இரண்டு ஜாம் பாட்டில்களுடன் பாலத்தில் காத்திருந்தாள். ஃபோன் கேமராவில் மாட்டும் பூதக்கண்ணாடி என்னிடம் இருந்தது. ஆன்லைனில் 180 ரூபாய், தாராளமாக வாங்கலாம்!

முதலில் பாலத்து நீர். ஒவ்வொரு முட்டையும் ஒரு ரவை அளவுதான். ஆனால் உள்ளே, கண்ணாடி வீட்டுக்குள் போல, ஒரு முழு மீன்! இரண்டு கரிய கண்கள், உடம்பைச் சுற்றிவந்த வால், நடுவே குட்டியூண்டு சிவப்பாக இதயம். அது துடித்தது! அரை நிமிடத்தில் 62 எண்ணினேன். ஒன்று எங்களைப் பார்த்துக் கண்ணை உருட்டியது என்று மௌமிதா சத்தியம் செய்தாள். இருவரும் பாலத்தின்மேல் துள்ளிக் குதித்தோம்.

பிறகு ஷெட் பக்கத்து நீர். அதே நாள் எடுத்த முட்டைகள், அதே வேர். மூடியைத் திறந்ததும் அப்பாவின் சட்டை வாசனை. உள்ளே இருந்த குட்டியின் நெஞ்சில் நீர் கோத்து, கொப்புளம் போல் வீங்கியிருந்தது. அந்தக் கொப்புளத்துக்குள் இதயம் நூலாக இழுபட்டுக் கிடந்தது. துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. அரை நிமிடத்துக்கு 41. முதுகு வளைந்திருந்தது. கண்கள் சிறியவை.

"இது நீந்துமா?" என்று கேட்டேன்.

மௌமிதா ஓடையைக் கையால் காட்டினாள். "எண்ணெய் விட்டு ரெண்டு வாரமாச்சு. உன் சமுந்தர் எங்கே இழுத்துட்டுப் போச்சு? வெள்ளம் ஏறும்போது வேருக்குள்ள கொண்டு வந்து வெச்சிட்டுப் போகுது. முட்டை இருக்கிறதும் அங்கதானே!"

போக விரும்புகிறவர்களுக்கு: நீர் வடிந்த நேரத்தில் போங்கள், வேர்கள் நன்றாகத் தெரியும். ரப்பர் செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். முட்டைகளைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விடுங்கள். திரும்ப 1.15 பஸ் நல்லது. வீடியோ எடுக்க மறக்காதீர்கள், வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் இரண்டு இதயங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா கெட்டவர் இல்லை. கடல் பெரியது, எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று நம்புகிறார். நானும் நேற்று வரை நம்பினேன். அவரை யாரும் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. அதே சமயம் அந்த நான்கு ட்ரம்மும் திறக்கக் கூடாது. வியாழக்கிழமை ஒரு கப்பல் போகிறது, ட்ரம்களை அதில் ஏற்றிவிடலாம். நாளைய வெள்ளம் மட்டும் தப்பினால் போதும். அதனால் ட்ரம் மூடியைத் திருகும் இரும்புச் சாவியை அடுக்களை ஆணியிலிருந்து எடுத்து என் ஸ்கூல் பையில், அட்லஸுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். நாளை ஞாயிறு. வேறு சாவி வாங்கக் கடை இருக்காது.

அடுக்களையில் லைட் போட்டுவிட்டார்கள். ஆணியைத் தடவுகிற சத்தம். இப்போது அப்பா என் கதவில் தட்டுகிறார். "பாப்பா, தூங்கிட்டியா?"

சாவியைக் கொடுக்க மாட்டேன். வீடியோவைத்தான் முதலில் காட்டப்போகிறேன்.