யசோ அக்கா பிடித்து வைத்த சீட்

யசோ அக்கா இறந்துவிட்டார்.

இன்று காலை எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது வழக்கம்போல ஜன்னல் ஜன்னலாகத் தேடினேன். "ஷீலா, இங்க ஏறு, சீட் கீது!" என்று கத்திக்கொண்டு ஒரு கை வெளியே வருமே... வரவில்லை.

உள்ளே ஏறியதும் அவர் தெருக்காரர் குமார் அண்ணன்தான் சொன்னார். நேற்று சாயங்காலம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதாம்.

எங்கள் பெங்களூர் வண்டியில் வராதவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்காது. கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டைக்காரர். ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை.

வண்டி புறப்படும் மாரிகுப்பத்திலேயே ஏறிவிடுவதால் எங்கள் எல்லோருக்கும் சீட் பிடிப்பது அவர்தான். ஒரு சீட்டில் டிபன் பை, ஒன்றில் குடை, ஒன்றில் தண்ணீர் பாட்டில், இன்னொன்றில் கழற்றிய செருப்பு! அந்தச் செருப்பு சீட் எப்போதும் எனக்கு.

ஆனால் ஓசியில் கிடையாது. அக்கா இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வார். அதிலிருக்கும் தப்பைத் திருத்தினால்தான் உட்காரலாம்.

ஏன் என்றால், அவருக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. சூப்பர்வைசர் ஆனால் மாடி மாடியாக மாப் போட வேண்டாம். ஆகாவிட்டால் வேலையையே விட வேண்டியதுதான். அந்த இன்டர்வியூ முழுக்க இங்கிலீஷில்... என்னென்ன செய்யத் தெரியும், என்னென்ன செய்திருக்கிறாய் என்று கேட்பார்கள்.

அக்காவிடம் இருந்ததோ ஒரே ஒரு 'கேன்' (can). நேற்றைக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். "யெஸ்டர்டே ஐ கேன் கெட் சீட். டுமாரோ ஐ வில் கேன் கெட் சீட்." சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னையே பார்ப்பார்.

ஒருநாள் எனக்கும் பங்காருபேட்டையில் ஏறும் ரெட்டி சாருக்கும் பெரிய சண்டை. நேற்றுக் கூட்டத்தில் சீட் கிடைத்ததற்கு 'குட்' (could) போதும் என்று அவர். சின்ன வயதில் ஓட முடிந்தது, மரம் ஏற முடிந்தது என்பதற்கெல்லாம் 'குட்' சரி. நேற்று ஒருமுறை சாதித்ததற்கு 'வாஸ் ஏபிள் டு'தான் என்று நான். பெட்டியே இரண்டு கட்சியாகிவிட்டது!

"ரெண்டு பேரும் நின்னுக்கினே பேசி முடிங்க. எனுக்கு இன்னா அவசரம்?" என்று அக்கா இரண்டு சீட்டிலும் காலை நீட்டிக்கொண்டார்.

செய்தி கேட்டு அழுதுகொண்டேதான் இதை ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல சிரிப்பு வருகிறதே, நான் என்ன செய்ய...

இன்டர்வியூ அன்று காலையில் வண்டியிலேயே ஒத்திகை. ரெட்டி சார்தான் மேனேஜர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. நாங்கள் எல்லோரும் ஒரே பாட்டாகச் சொல்லி அனுப்பினோம்: "அக்கா, எது கேட்டாலும் ஐ கேன்னு சொல்லிடுங்க. முடியாதுன்னு மட்டும் வாய்ல வரவே கூடாது."

சாயங்காலம் முதல் தடவையாக அக்காவுக்கு நாங்கள் சீட் பிடித்து வைத்திருந்தோம். ஒயிட்ஃபீல்டில் ஏறினார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"இன்னா ஆச்சிக்கா?"

"கம்ப்யூட்டர்ல அட்டெண்டன்ஸ் போடத் தெரியுமான்னு கேட்டாரு."

"ஐ கேன்னு சொன்னீங்க இல்ல?"

"எப்பிடிம்மா சொல்றது? மவுசையே நான் தொட்டது கெடையாது. நோ சார், நவ் ஐ காண்ட். ஆஃப்டர் ஒன் மன்த் ஐ வில் பி ஏபிள் டு... அப்பிடின்னேன்."

தலையில் கை வைத்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு!

"அந்தாளு பேனாவ கீழ வெச்சிட்டு என்னியே பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. ஓகே, ஒன் மன்த்... அப்பிடின்னாரு. அடுத்த வாரத்துலருந்து நான் சூப்பர்வைசரு!"

நான் போட்ட கத்தலில் மேல் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். ரெட்டி சார் எழுந்து நின்று கைதட்டினார். பங்காருபேட்டையில் அக்கா எங்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார். வண்டி போனால் போகட்டும் என்று பானிபூரி சாப்பிட்டோம். கண்ணில் தண்ணீர் வர வர சாப்பிட்டோம். பிறகு பஸ் பிடித்துத்தான் வீடு.

சொன்ன மாதிரியே அந்த ஒரு மாதமும் என் லேப்டாப்பில் பழகினார். அட்டெண்டன்ஸில் எங்கள் பெயர்கள்தான். என்மீது கோபம் வந்தால் எனக்கு ஆப்சென்ட். மேனேஜர் முன்னால் தானே போட்டுக் காட்டிவிட்டு வந்த அன்று, வண்டியில் ஏறும்போதே "ஐ வாஸ் ஏபிள் டு!" என்று கத்திக்கொண்டுதான் ஏறினார். என்ன ஒரு முகம் அது!

சனிக்கிழமை அக்கா வரவில்லை. கேஸ் டிரபிள் என்றார். நேற்று மதியம் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஷீலா, நவ் ஐ ஆம் ஓகே. டுமாரோ ஐ வில் பி ஏபிள் டு கம். உனுக்கு சீட் புடிச்சி வெக்கறேன். இன்னா, கரெக்டா?"

இரண்டு பட்டாசு எமோஜி போட்டு "சூப்பர்க்கா!" என்று அனுப்பினேன்.

இன்று எங்கள் யாருக்கும் சீட் இல்லை. பங்காருபேட்டை வரை நின்றுகொண்டே வந்தோம். இங்கே இறங்கிவிட்டோம். ரெட்டி சாரும் எங்களோடு பிளாட்பாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். திரும்புகிற வண்டிக்காக, அக்கா வீட்டுக்குப் போவதற்காகக் காத்திருக்கிறோம்.

அந்த மெசேஜை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

யசோக்கா, நீங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்லக்கா. போய்ட்டு வாங்க.