விளக்கு வைத்த பிறகு வேக்கம்

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் தரை பட்டை போட்டுக்கொண்டது. சோபா, டிவி, ஜன்னல் கம்பி, என் கண்ணிமை — எல்லாவற்றிலும் திருநீறு. வீட்டில் யாருக்கும் சாமி வரவில்லை. நான் புதிதாக வாங்கிய வேக்கம் கிளீனரை ஓட்டினேன்... அவ்வளவுதான்.

அம்மா வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். குறைத்த ஆட்களில் அம்மாவும் ஒருவர். சம்பளத்துக்கு நான் இருக்கிறேன், வீட்டில் ஓய்வெடுங்கள் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல இருந்தது. மறுநாளே முடிவு சொன்னார். வீட்டிலேயே பிள்ளை பார்த்துக்கொள்ளப் போகிறாராம்.

எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் விளம்பரம் எழுதினேன். 'இல்லப் பராமரிப்பு மையம்' என்று கம்பீரமாகத் தலைப்பு வைத்தேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஆயாக்கொட்டகைன்னு போடு. அதான் எல்லாருக்கும் புரியும்."

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகைக்கு அதுதான் பெயர். அம்மா வளர்ந்ததே அங்கேதான். பட்டம் வாங்கிய பெண்ணின் வீட்டு வாசலில் 'ஆயாக்கொட்டகை'யா? நான் போடவில்லை. என் மையத்தைத் தேடி ஒரே ஒரு குடும்பம் வந்தது. அந்தக் குழந்தையின் தாய் ஜன்னல் சட்டத்தில் விரலை வைத்து இழுத்தார், விரலைப் பார்த்தார், "சொல்றோம் ஆன்ட்டி" என்றார். சொல்லவே இல்லை.

அந்த வாரம் முழுக்க அம்மா அதே ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டாவதாகக் கேட்டவர் கவிதா. மருத்துவமனையில் தாதி. குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறதாம். தவழும் குழந்தை என்றால் என்ன அர்த்தம்? தரையில் இருப்பதெல்லாம் வாய்க்குள் போகும் என்று அர்த்தம். போதாததற்கு, காலையில் நானே காரில் வந்து குழந்தையை ஏற்றிக்கொள்கிறேன் என்று வாக்கு வேறு கொடுத்துவிட்டேன். என் காரின் பின் சீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. கோயில் பொரி, முறுக்குத் தூள், காய்ந்த மல்லிகை... ஒரு திருவிழாவே அங்கே அடக்கமாகியிருந்தது.

ஆகவே, வீட்டுக்கும் காருக்குமாக ஒரு வேக்கம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதனால் ரைஸ் குக்கர் முதல் ரத்தக் கொதிப்பு மாத்திரை வரை எதனுடைய கையேட்டையும் படித்துச் சொல்வது என் இலாகா. வேக்கம் வாங்குவது அரிசி வாங்குவது மாதிரியா? இரண்டு வாரம் இரவில் தூங்காமல் காணொளி பார்த்தேன். தூசியை இழுக்கும் இழுவைக்குக் கிலோபாஸ்கல் என்று ஓர் அளவு இருப்பதைத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு உடம்பு சரியிருக்காது.

ஈப்போ டவுனில் மின்சாமான் கடை விற்பனையாளர் மாட்டினார். நம்மவர்தான். வட்டமான ரோபோவைக் காட்டினார் — தானே வீடு முழுக்கச் சுற்றுமாம். எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. படியில் விழுந்து செத்துப்போகும். காருக்கென்று கைக்கு அடக்கமான ஒன்றைக் காட்டினார். அதன் வயர் காரில் உள்ள துளையில் மட்டும்தான் சொருகும். வீட்டுச் சுவரில் அந்த மாதிரித் துளைக்கு எங்கே போவது? அடுத்து, டிரம் மாதிரி ஒன்று. இழுவை பிரமாதம், ஆனால் அதன் வயர் அடுக்குமாடி வீட்டில் கீழே நிற்கும் காருக்கு எட்டாது என்று அவரே சொன்னார். நாங்கள் இருப்பது தரை வீடு. ஆனாலும் தலையாட்டினேன்.

"அக்கா, பேசாம வீட்டுக்கு ஒன்னு, காருக்கு ஒன்னு எடுத்துருங்கலா."

இதுதான் வியாபாரத் தந்திரம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கிலோபாஸ்கல் எவ்வளவு என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா டீச்சரா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் நான் குளிர்ந்துபோய், கடையிலேயே அதிக இழுவை உள்ள, வயர் இல்லாத, நீளக் குழாயைக் கழற்றினால் காருக்கும் ஆகிற மெஷினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு 'வேக்கம்' வாயில் வரவில்லை. 'வெக்கம்' என்றுதான் வந்தது. அடுத்த வீட்டு அக்காவிடம் வேலிக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம்மவ பெரிய வெக்கமா ஒன்னு வாங்கியாந்திருக்கா." நான் உச்சரிப்பைத் திருத்தினேன். தேவையா எனக்கு?

கவிதா சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை காரைச் சுத்தம் செய்தேன். உண்மையில் நன்றாகத்தான் இழுத்தது. பிறகு கையேட்டில் எழுதியிருந்தபடி ஃபில்டரைக் கழற்றிக் கழுவித் துணிக்கொடியில் காயப் போட்டேன். இரவெல்லாம் மழை. வியாழக்கிழமை சாயங்காலமும் அது ஈரமாகவே தொங்கியது.

அன்றைக்குப் பார்த்து, நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது கவிதாவின் தகவல். சனிக்கிழமை ஷிப்ட் மாறிவிட்டதாம், இன்றைக்கே குழந்தையோடு வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். கூடத்தைப் பார்த்தேன். குழந்தைக்கு ஆகும் என்று அம்மா அலமாரி உச்சியிலிருந்து பழைய பாயையும் தொட்டில் கம்பியையும் அப்போதுதான் இறக்கியிருந்தார். கூடவே பல வருஷத் தூசியும் இறங்கியிருந்தது.

துடைப்பத்தை எடுத்தேன். அம்மா தடுத்தார்.

"வெளக்கு வச்சாச்சு. இனி கூட்டக்கூடாது."

"தொடப்பம்தானம்மா கூடாது? இது மெஷினு."

அம்மா யோசித்தார். "குப்ப வெளிய போவுமா?"

"போவாது. டப்பாவுக்குள்ளயேதான் இருக்கும்."

"அப்ப லெச்சுமியும் உள்ளயேதான் இருப்பா. சரி, ஓட்டு."

அம்மாவை வாதத்தில் ஜெயித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த மயக்கத்தில் ஃபில்டர் இல்லாமலேயே பொத்தானை அழுத்திவிட்டேன். ஒரு நாள் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? டப்பாதான் இருக்கிறதே!

பாய் கிடந்த இடம் முடிந்தது. ஊதுபத்திச் சாம்பல் சிந்தியிருந்த சாமி மேடைப் பக்கம் குழாயைத் திருப்பினேன். அங்கே கோயிலிலிருந்து வந்த திருநீற்றுப் பொட்டலம் ஒன்று வாய் திறந்து இருந்தது. கடையிலேயே அதிக இழுவை அல்லவா? ஒரே மூச்சு. பொட்டலம் காலி. முன்பக்கம் போனது முழுவதும் பின்பக்கம் வழியாக என் முகத்தில் வந்தது. மிச்சத்தை மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி வீடு முழுக்கப் பங்கு வைத்துக் கொடுத்தது.

அம்மா இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "சாமியவா இழுத்த?"

கூட்டவும் முடியாது. ஈரத் துணியால் துடைத்தேன். துடைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வரி விழுந்தது. தரை பட்டை போட்டுக்கொண்டது இப்படித்தான். இன்னொரு தடவை துடைக்கலாம் என்று வாளியைத் தூக்கும்போது வாசலில் கார் நின்றது.

கவிதா உள்ளே வந்தார். சோபாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேபி பவுடர் கொட்டிருச்சா ஆன்ட்டி?"

"திருநீறும்மா," என்றார் அம்மா. "எம்மவ படிச்ச புள்ள. மெஷின் வச்சிக் கூட்டினா."

நான் ஃபில்டரைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். மழையைப் பற்றியும் சொன்னேன். கிலோபாஸ்கல் வரை போய்விட்டேன் என்று நினைக்கிறேன். அதற்குள் குழந்தை கவிதாவின் கையிலிருந்து நழுவி சோபாவைப் பிடித்து, உள்ளங்கை முழுக்க வெள்ளையாகி, அதை வாய்க்குக் கொண்டு போனது. என் பேச்சுக்கு நடுவிலேயே அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். அது அம்மாவின் தோட்டை இழுத்துப் பார்த்தது.

"பகல்ல ஒருக்கா வந்து பாரும்மா," என்றார் அம்மா. குரல் இறங்கியிருந்தது. "வீடு இப்புடி இருக்காது."

வாளியைச் சுவரோரம் தள்ளிவைத்தேன். அம்மாவின் வேலையை நானே கெடுத்துவிட்டேன்... அதுவும் கையேட்டைப் படித்துவிட்டு.

கவிதா சமையலறையை எட்டிப் பார்த்தார். குளியலறைக்குப் போய் வந்தார். ஜன்னல் சட்டத்தை அவர் தொடவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அக்கா பகல்ல வீட்டுல இருப்பாங்களா?"

"இல்லம்மா. காலைல வேலைக்குப் போனா, பொழுது சாஞ்சிதான் வருவா."

"அப்ப சரி ஆன்ட்டி. திங்கக்கெழமைலேருந்து நானே கொண்டாரேன்."

இப்போது வீட்டில் குழந்தை இருக்கிறது, அம்மாவுக்கு வேலை இருக்கிறது. விடுப்பு எடுக்கத்தான் எனக்கு அனுமதி இல்லை!